கால் தாமதிக்கவில்லை, கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ தோற்ற பேட்மின்டன் ஆட்டத்தின் வீடியோவை இங்கே, ரயில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் உட்கார்ந்து நான்கு முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது கேம், 17-17. எதிரே நின்ற பெண் ஸ்மாஷ் அடிப்பதுபோல் மட்டையை ஓங்கி, கடைசி நொடியில் நெட்டுக்குப் பக்கத்திலேயே மெதுவாக விழும்படி ட்ராப் போட்டாள். நீ நின்ற இடம் சரி. முட்டி மடங்கியிருந்தது, குதிகால் தரையில் இல்லை. ஆனால் ஷட்டில் நெட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் நீ அடியெடுத்து வைத்தாய். அடுத்த மூன்று புள்ளிகளும் அப்படியே போயின.

கால் மந்தமாகிவிட்டது என்று அம்மாவிடம் அழுதாயாம். நாளை முதல் காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஃபுட்வொர்க் பயிற்சியாம். வேண்டாம் கயல். அதே மூன்றாவது கேமில் நேராக வந்த ஸ்மாஷ் ஒன்றைக்கூட நீ விடவில்லை, திரும்பப் போட்டுப் பார். ஏமாற்றி வந்த பந்துகளில் மட்டுமே பிந்தினாய். கால் ஓய்ந்திருந்தால் இரண்டிலும் பிந்தியிருக்க வேண்டாமா?

பெல்ஜியத்தில் பேட்மின்டன் ஆடுபவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் தெரியும். சொல்லை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்ல வேண்டும். இப்படி 90 நிமிடம் மூளையைக் களைக்க வைத்துவிட்டு, கையின் வேகத்தை அளந்தார்கள். எளிய சைகைக்குக் கை எப்போதும்போல் போனது. இதுவா அதுவா என்று பிரித்தறிய வேண்டிய சைகைக்குத்தான் தாமதமானது. படித்ததும் உன் 17-17தான் நினைவுக்கு வந்தது.

வேல்ஸில் நடத்தி 2009இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மூளை களைத்தவர்கள் சைக்கிளை சராசரியாக 640 விநாடிதான் மிதித்தார்கள். களைக்காத நாளில் அதே ஆட்கள் 754 விநாடி தாக்குப்பிடித்தார்கள். இதயத்திலும் தசையிலும் அதற்குக் காரணம் அகப்படவில்லை. அதே உழைப்பு கூடுதல் பாரமாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். களைக்காத நாளில் அவர்களுக்குப் போட்டுக் காட்டியவற்றில் ஒன்று ரயில் பற்றிய ஆவணப்படம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இந்தக் களைப்பு எனக்குப் புதிதல்ல. இன்ஜினில் ஒரு நிமிடம் நான் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும், பிறகு பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானே பிடிக்கும். ஒவ்வொரு சிக்னலையும் நானும் உதவி ஓட்டுநரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். கண் பார்த்ததை மூளை வாங்காமல் போகும் நேரம் எந்த மனிதனுக்கும் வரும் என்று தெரிந்துதான் இத்தனை ஏற்பாடும்.

உனக்கு அன்று அப்படி ஒரு காவல் இல்லை. ஐந்து தேர்வுகள், கடைசித் தேர்வு சனிக்கிழமை மதியம். ஞாயிறு காலை பஸ்ஸில் முழு நேரமும் கைபேசியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே வந்தாய் என்று அம்மா சொன்னாள். உனக்கு அது ஓய்வாகத் தோன்றியிருக்கும். கால்பந்து வீரர்களை ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் கைபேசியில் சமூக ஊடகம் பார்க்க வைத்தபோது, யாருக்குப் பந்தைத் தட்டுவது என்ற முடிவில் பிசகியிருக்கிறார்கள்.

அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை இந்த வாரம் தூங்கிக் கழி. பயிற்சியாளரிடம் வீடியோவைக் காட்டு, அவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்று எனக்கு எழுது. அடுத்த போட்டிக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு, கைபேசி என் பையில்.

காலை நான்கு மணிக்கு வண்டி. படுக்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா