சின்னவளுக்குப் பாத்திரம் வாங்கினோம்

ராயபுரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா? போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன வேலையை முடித்துவிட்டேன். நேற்று உன் சின்னவளைக் கூட்டிக்கொண்டு தங்கசாலைக்குப் போய், அவள் புது வீட்டுக்கு வேண்டிய பாத்திரமெல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. எல்லாம் என்றால் ஆறு உருப்படி. நீ அனுப்பிய பட்டியலில் 22 இருந்தது. கோபப்படாதே, ஏன் என்று சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினோம். வழியெல்லாம் போனில் ஒரு செட்டைக் காட்டிக்கொண்டே வந்தாள். பத்து உருப்படி, ஒரே நிறம், உள்ளே கறுப்பு நான்ஸ்டிக், மேலே கண்ணாடி மூடி. "ஒரே பெட்டியில வேலை முடிஞ்சுடும் பெரியம்மா" என்றாள். தனியாக வீடு எடுத்திருக்கிற பெண், காலையில் ஏழரைக்குக் கிளம்புகிறவள், அவளுக்கு அப்படித்தானே தோன்றும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தங்கை வீட்டில் நடந்ததைத்தான் சொன்னேன்.

தங்கை எர்ணாவூரில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு, அடுப்படி முழுக்கத் தார் பூசின மாதிரி. பாத்திரத்தையெல்லாம் வாசலில் கொண்டுவந்து கொட்டினோம். எவர்சில்வரைச் சாம்பலும் சோப்புத்தூளும் போட்டு மூன்று தடவை தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்தோம். வந்துவிட்டது. இரும்புத் தோசைக்கல்லை விறகடுப்பில் போட்டு, பிடித்ததெல்லாம் எரிந்து போகும்வரை சுட்டு, திரும்ப எண்ணெய் தடவிப் பழக்கினாள். இன்றைக்கும் அந்தக் கல்லில்தான் தோசை. பித்தளை அண்டா புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்ததும் பளபளத்தது. பிளாஸ்டிக் டப்பாவும் நான்ஸ்டிக் சட்டி மூன்றும் குப்பைக்குப் போயின. அந்தப் பூச்சை அழுத்தித் தேய்க்க முடியவில்லை, சுட முடியவில்லை, வாடையும் போகவில்லை. புதிதாக வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று அவள் அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. கெட்டுப்போனால் திரும்பச் சரி பண்ண முடிகிற பாத்திரம்தான் உழைக்கிற பாத்திரம். சின்னவளிடமும் இதைத்தான் சொன்னேன். நான்ஸ்டிக் விஷம் என்று பயமுறுத்தவில்லை. மிதமான சூட்டில் அது ஒன்றும் செய்யாது. 260 டிகிரிக்கு மேல் போனால்தான் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும், வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். நாமோ வெறும் சட்டியைக் காயவைத்துத் தாளிக்கிற ஜனம். கரண்டி போட்டுச் சுரண்டாமல் இருப்போமா? பூச்சு உரிந்துவிட்டால் அந்தச் சட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைக்குள் போனதும் முதலில் தோசைக்கல். இதில் மட்டும் நான் நேரம் பார்க்கவில்லை. வார்ப்பிரும்புக் கல், 12 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று கிலோ. ஐந்து கல்லை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்து, ஓரத்தில் ஒற்றை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். நான்கு கல் 'டக் டக்' என்று ஆடியது. ஆடாமல் உட்கார்ந்த ஐந்தாவதைத்தான் எடுத்தோம். கேஸ் அடுப்பில் கொஞ்சம் ஆடினாலும் சமாளிக்கலாம். அவள் வீட்டில் கேஸ் இன்னும் வரவில்லை, இண்டக்ஷன் அடுப்புதான், அடி சமமாக இல்லாவிட்டால் சூடு சரியாக ஏறாது.

பழக்குகிற விதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீயும் ஒரு தடவை போனில் சொல்லிவிடு. மூன்று நாள் அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றவேண்டும். பிறகு கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவவேண்டும். எண்ணெய் தேங்கி நின்றால் பிசுபிசுவென்று ஆகிவிடும், தடவிவிட்டுத் துடைத்த மாதிரி இருக்கவேண்டும். லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு, திரும்பத் தடவி, திரும்பக் காய்ச்சி, இப்படி நாலைந்து தடவை. அந்த எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி ஆகிவிடும். "அப்போ இதுவும் பூச்சுதானே பெரியம்மா?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. ஆமாம், பூச்சுதான். ஆனால் நீ போட்ட பூச்சு, போனால் நீயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லு: கல் சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். தோசைக்கல்லில் சப்பாத்தி போடக்கூடாது.

அடுத்து இரும்பு வாணலி ஒன்று. பொரியலுக்கும் வறுவலுக்கும் அது போதும். கொஞ்சம் இரும்பும் சாப்பாட்டில் இறங்கும், அந்த வயசுப் பெண்ணுக்கு நல்லதுதான். புளி ஊற்றின குழம்பை மட்டும் அதில் வைக்காதே என்றேன். கறுத்துப்போகும், இரும்பு வாடை அடிக்கும், பழக்கின தோலும் போய்விடும்.

எவர்சில்வர் வாங்குவதுதான் கஷ்டம். எல்லாமே ஒரே மாதிரி மின்னுகிறது. வீட்டில் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நான் தேடினது துரு தாங்குகிற 304 என்கிற ரகம், அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் அதில் ஒட்டாது என்றே சொல்லலாம். 430 என்கிற ரகத்தில் பேருக்குக்கூட நிக்கல் இல்லை, காந்தம் பச்சக்கென்று பிடிக்கும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்பியும் பிரயோஜனம் இல்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டின 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. துரு தாங்குவதில் அது 304க்குக் கீழேதான். அதனால் ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொன்னேன். முதல் கடையில் மழுப்பினார்கள், வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது கடையில் கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் கவனி. எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் ரொம்ப மந்தம், அலுமினியம் அதைவிடப் பதினைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால்தான் மெல்லிசு எவர்சில்வர் சட்டியில் தீ படுகிற இடம் மட்டும் வட்டமாக அடிப்பிடிக்கிறது, பாயசம் வைக்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். இப்போது மூன்றடுக்கு என்று வருகிறது. உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே இண்டக்ஷனுக்கு ஒத்துவருகிற காந்தம் பிடிக்கும் எவர்சில்வர். விலை ஜாஸ்திதான். நான்கு சின்னச் சட்டிக்குப் பதில் இரண்டு லிட்டரில் இது ஒன்று போதும் என்று எடுத்தோம். சாம்பார், ரசம், பால், உப்புமா எல்லாம் இதிலேயே ஆகும்.

கைப்பிடியைப் பார்க்காமல் எதையும் எடுக்கவிடவில்லை. என் வலது பாதத்தில் இருக்கிற தழும்பை நீ பார்த்திருக்கிறாய். பொட்டு வெல்டிங்கில் ஒட்டின பிடி, கொதிக்கிற சோற்றைக் கஞ்சி வடிக்கத் தூக்கும்போது ஒரு பக்கம் விட்டுவிட்டது. இருபது நாள் நடக்க முடியவில்லை. அன்றிலிருந்து ரிவெட் அடித்த பிடி, இல்லையென்றால் பிடியே இல்லாமல் இடுக்கியால் பிடிக்கிற குண்டான். இரண்டில் ஒன்றுதான். கடையிலேயே பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு கையால் தூக்கி ஆட்டிப் பார்க்கவைத்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனாலும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.

குக்கர் மூன்று லிட்டர், எவர்சில்வர், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் நம் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கிற கம்பெனியா என்று கேட்டுத்தான் வாங்கினேன். இட்லித் தட்டு அதற்குள்ளேயே வைக்கிற மாதிரி ஒரு அடுக்கு. அவ்வளவுதான், தனியாக இட்லிப் பானை வேண்டாம்.

எவர்சில்வர் வைத்துக்கொள்வதில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ராத்திரி முழுக்க எவர்சில்வரில் தேக்கிவைக்கவேண்டாம். கல்லுப்பையும் பச்சைத்தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பில் ஏற்றக்கூடாது. அடியில் கிடக்கிற உப்பு அங்கங்கே ஊசி குத்தின மாதிரி புள்ளி விழவைத்துவிடும், அது தேய்த்தாலும் போகாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டால் போதும்.

மீன் குழம்புக்கு ஒரு மண்சட்டி. அது தங்கசாலையில் இல்லை, கொசப்பேட்டையில் வாங்கினோம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடிவந்துவிட்டு சங்கரா மீன் குழம்பை எவர்சில்வரில் வைத்தால் எனக்கு மனசு ஆறாது. இண்டக்ஷனில் அது ஆகாதுதான், கேஸ் வருகிறவரை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து வைத்துக்கொள்ளட்டும். சட்டி இப்போது என் வீட்டுத் தொட்டியில் ஊறுகிறது.

எண்ணிப் பார்: தோசைக்கல், வாணலி, மூன்றடுக்குச் சட்டி, குக்கர், கஞ்சி வடிக்க ஒரு குண்டான், மண்சட்டி. ஆறு.

ஏழாவதாக ஒன்று கொடுத்தேன், அது கடையில் வாங்கினது இல்லை. 1984இல் நீங்கள் திருச்சிக்குக் கிளம்பினபோது லாரியில் இடம் இல்லை என்று உன் அம்மா எங்கள் வீட்டில் விட்டுப்போன பித்தளைப் பொங்கல் பானை ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷமும் தை பிறந்தால் அதில்தான் எங்கள் வீட்டில் பால் பொங்குகிறது. கொஞ்ச நாளாக உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. அப்படியே சமைத்தால் களிம்பு ஏறும். முன்பு தெருவிலேயே ஈயம் பூசுகிறவர் வருவார், நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மண்ணடுப்பைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போமே, இப்போது அவர் எங்கே? பாத்திரக் கடையில் விசாரித்து, பூசுகிற பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். சின்னவளையும் கூட்டிப்போனேன், அவள் பார்க்கட்டும் என்றுதான்.

பெரியவர் பானையைக் கரி அடுப்பில் கவிழ்த்தும் புரட்டியும் காய்ச்சினார். துருத்திக்குப் பதில் இப்போது சின்ன மின்விசிறி. நவச்சாரம் என்கிற உப்பைத் தூவினதும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை, மூக்கில் ஏறுகிற அதே நெடி. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், குச்சியை உள்ளே தொட்ட மாத்திரத்தில் சொட்டாக நின்றது. பஞ்சை வைத்து ஒரே சுற்று. மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறிவிட்டது. சின்னவள் வீடியோ எடுக்கக்கூட மறந்து நின்றுவிட்டாள். காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானே என்று நான் இரண்டு தடவை கேட்டேன். பெரியவர் ஈயக் குச்சியை என் காதருகே கொண்டுவந்து வளைத்துக் காட்டினார். கிரீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம். வெள்ளீயத்தை வளைத்தால் அப்படிக் கேட்கும், காரீயம் சத்தம் போடாது.

வீட்டுக்கு வந்து பானையைப் புளி போட்டு விளக்கினபோது, கழுத்துப்பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து நன்றாகத் தெரிந்தது. உன் அம்மா பேரின் முதல் எழுத்து, பக்கத்தில் 1961. அதற்கும் பக்கத்தில் ஒரு பூவா மீனா என்று தெரியாத சின்ன உருவம் ஒன்று வெட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் தேய்த்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. "பாட்டி எதுக்குப் பெரியம்மா இதை வெட்டச் சொன்னாங்க?" என்று சின்னவள் கேட்கிறாள். அம்மாவிடம் கேட்டு எழுது. பானையில் தன் எழுத்தையும் வெட்டிக்கொள்ளவேண்டுமாம், அதற்குப் பக்கத்தில் அதே உருவம் வரவேண்டும் என்கிறாள். உன் பதில் வந்த பிறகுதான் பேர் வெட்டுகிறவரிடம் கொடுப்பேன்.

அன்புடன்,
உன் ராயபுரத்துத் தோழி