லியோ பெக் முகாமில் இறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேர்மனியின் யூத ரப்பியும் (மதகுரு) தத்துவஞானியுமான லியோ பெக் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்தேன். தமிழில் அவரைப் பற்றி நான்கு பக்கம் வந்திருக்கிறதே என்று சந்தோஷத்தோடுதான் தொடங்கினேன். இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. "நூல்கள் இருக்கும்போது ஒரு தத்துவஞானியின் வீட்டுக் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் யாருக்குத் தேவை?" என்று ஒரு வரி. எழுதியவர் நிறையப் படித்தவர் என்பது தெரிகிறது. நான் பேர்லினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆனாலும் அந்த வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

பற்றுச்சீட்டைப் பற்றியே முதலில் சொல்கிறேன். 1943 ஜனவரியில் ஒரு விடியற்காலை அவரைக் கொண்டுபோக நாஸிகளின் ஆட்கள் வந்தார்கள். அவருக்கு வயது 69. மனைவி நத்தாலி 1937இலேயே இறந்துவிட்டார், மகள் லண்டனில். கொஞ்ச நேரம் அவகாசம் கேட்டு வாங்கி, மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்புறம் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் கட்ட வேண்டிய பணத்துக்குக் காசுக்கட்டளை எழுதிவைத்தார். அதை முடித்துக்கொண்டுதான், நாஸிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனார். அவர் உயிரோடு திரும்பி வந்து சொன்னதால் நமக்குத் தெரிந்த விஷயம் இது. 1905இல் அவர் எழுதிய 'யூத சமயத்தின் சாரம்' முழுக்க முழுக்கக் கட்டளையையும் கடமையையும் பற்றிய நூல். மனிதன் செய்ய வேண்டியதைச் செய்வதில்தான் சமயம் இருக்கிறது என்பார். அந்த நூலை மொழிபெயர்ப்பில் இரண்டு தரம் படித்தும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அந்தக் காசுக்கட்டளையைப் பற்றி அறிந்த அன்றுதான் பிடிபட்டது. இனி அது யாருக்குத் தேவை என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அடுத்தது, அதைவிடப் பெரிய பிழை. அவர் முகாமிலேயே இறந்துபோனார் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஐயா, அவர் 1956 நவம்பர் 2ஆம் தேதி லண்டனில் இறந்தார். இந்தப் பிழை முன்பும் ஒரு தடவை நடந்திருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மொராவியாவைச் சேர்ந்த பெக் என்ற இன்னொரு ரப்பி அந்த முகாமில் இறக்க, லியோ பெக் இறந்தார் என்றே பேர்லினுக்குச் செய்தி போய்விட்டது. ஜேர்மன் எழுத்தில் இரண்டு பெயருக்கும் சிறு வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஸி அதிகாரி ஐக்மன், 1945 ஏப்ரலில் முகாமுக்கு வந்தபோது அவரைக் கண்டு திகைத்து, இன்னுமா உயிரோடு இருக்கிறீர் என்று கேட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் பிழை அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஏறக்குறைய 70 வயதில் அங்கே குப்பை வண்டி இழுத்துக்கொண்டும், இரவில் இருட்டுக்குள் கூடிய சனத்துக்குப் பிளேட்டோவையும் கான்ட்டையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும், கிடைத்த துண்டுக் கடதாசிகளில் அடுத்த நூலை எழுதிக்கொண்டும் இருந்தவரைத் திரும்பவும் சாகடிக்க உங்கள் பத்திரிகைக்கு என்ன அவசியம் வந்தது? அந்தத் துண்டுக் கடதாசிகள்தான் 'இந்த மக்கள்' என்று 1955இலும் 1957இலும் இரண்டு பாகமாக வந்தன. ஆக, கட்டுரையாளர் போதும் என்கிற நூலே அவர் வேண்டாம் என்கிற கடதாசியிலிருந்து வந்ததுதான்.

பழைய மனக்குறை ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் உங்கள் இதழில் வேறொருவர், லியோ பெக் நாஸிகளோடு ஒத்துப்போனவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். மூன்று பக்கத்தில் மறுப்பு எழுதி அனுப்பினேன். மூன்று வரி வந்தது, அதிலும் என் வாதம் இல்லை, பாராட்டு மட்டும்தான் இருந்தது. யூத சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1963இல் தன் நூலில், ஹிட்லருக்கு வழங்கிய பட்டத்தை வைத்து அவரை "யூத ஃபியூரர்" என்று குறிப்பிட்டதும், பிந்திய பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டதும் உங்களுக்குத் தெரியும். முதல் பாதி மட்டும் உங்கள் இதழில் வந்தது.

அவர் மேல் கேள்வியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆஷ்விட்ஸ் என்ற கொலைமுகாமில் நச்சுவாயுவால் கொல்கிறார்கள் என்பதை 1943இலேயே முகாமில் ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். அதை மற்றவர்களுக்குச் சொல்வதில்லை என்று அவர் முடிவெடுத்தார். அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எத்தனையோ இரவு யோசித்தும் முடியவில்லை. ஆனால் இது நமக்கு எப்படித் தெரியும்? எதிரி கண்டுபிடித்துச் சொன்னதா? அவரே வாக்குமூலமாகச் சொல்லி, அது 1949இல் அச்சாகியும் விட்டது. ஐரோப்பாவில் யூதர்களின் சட்டநிலை பற்றி ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ஒரு தட்டச்சுப் பிரதி இருக்கிறது, அதையும் பாருங்கள். ஹிட்லரை எதிர்த்தவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதியது என்று அவர் பின்னாளில் சொன்னார். இல்லை, அது நாஸிக் காவல்துறையின் உத்தரவில் எழுதப்பட்டது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பிரதி கையில் இருந்ததால்தான் அந்த வாதமே நடந்தது. அவரைப் புகழ விரும்புகிறவருக்கும் குற்றம் சாட்ட விரும்புகிறவருக்கும் கடதாசி வேண்டும். எரித்துவிட்டால் யாரும் எதையும் எழுதலாம்.

1935ஆம் ஆண்டுப் பிரார்த்தனையையும் கட்டுரை தொடவே இல்லை. யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கென்று, கடவுளுக்கு முன் தலைவணங்குகிறோம், மனிதருக்கு முன் நிமிர்ந்து நிற்கிறோம் என்ற பொருளில் ஒரு வேண்டுதல் எழுதி, ஜேர்மனியின் தொழுகைக் கூடங்கள் எல்லாவற்றிலும் வாசிக்கும்படி அனுப்பினார். நாஸிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ தடை போட்டு அவரைக் கைது செய்தது. அப்போது அவர் ஜேர்மன் யூதர்களின் பிரதிநிதித்துவ அமைப்புக்குத் தலைவர். வெளிநாடு போக வழி இருந்தும் கடைசிவரை போகாதவர். ஒரு தாளில் எழுதிய சில வரிகளுக்கு ஓர் அரசாங்கமே பயந்திருக்கிறது.

இப்போது என் கதை. பல வருடத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இறந்துபோனார். ஆள் இறந்தால் அறையைச் சில நாளில் ஒழிக்க வேண்டும். அலமாரிக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது, உள்ளே கடிதங்கள். பின்னல் வேலையில் மிஞ்சிய சாம்பல் நிறக் கம்பளி நூலால் கட்டி வைத்திருந்தார். பழைய ஜேர்மன் கையெழுத்து. இங்கே பிறந்த இளம் பிள்ளைகளுக்கே அது வாசிக்க வராது. "உறவினர் யாரும் இல்லை, நீலத் தொட்டியில் போடு" என்றார் மேலாளர். இங்கே கடதாசிக் குப்பைக்கு நீல நிறத் தொட்டி. போட்டேன். நூலை மட்டும் அவிழ்த்துத் தனியாகப் போட்டேன், கடதாசியோடு வேறெதையும் கலக்கக்கூடாது என்பதால். மூன்று மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு பேரன் வந்து நின்றார். தளபாடம் வேண்டாம், நகை வேண்டாம், அம்மம்மாவின் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்குத் தேவை என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் அந்தப் பிள்ளையின் முகம்தான்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். டுஹோல்ஸ்கி வீதி 9ஆம் இலக்கத்தில் அவர் பாடம் நடத்திய உயர்கல்விக் கழகத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1942இல் நாஸிகள் மூடும்வரை அவர் அங்கே கற்பித்தார். இப்போது அந்தக் கட்டடத்துக்கே அவர் பெயர், ஜேர்மன் யூதர்களின் மத்திய சபை அங்கே இயங்குகிறது. விடுமுறை நாளில் சில வேளை அந்தப் பக்கம் நடப்பேன். வாசலில் எப்போதும் பொலிஸ் காவல்.

அவர் பெயரால் 1955இல் தொடங்கிய நிறுவனம் ஜெருசலேம், லண்டன், நியூயோர்க் மூன்று இடத்திலும் இருக்கிறது. நியூயோர்க்கில் அவருடைய தனிப்பட்ட தாள்களோடு, சிதறிப்போன ஜேர்மன் யூதக் குடும்பங்களின் கடிதம், நாட்குறிப்பு, சமையல் குறிப்பு வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2012இலிருந்து 30 லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் இரவுப் பணி முடிந்து வந்து என் சமையலறை மேசையில் இருந்து பார்க்கிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்தவருக்கு அது கண்ணில் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அவர் இறந்தது லண்டனில், 1956இல் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தத் தாள்களை யாரும் காசில்லாமல் வாசிக்கலாம் என்று அதன் கீழே ஒரு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், தகரப்பெட்டி பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகி,
பேர்லின்