மூன்று பேருக்கு மேல் திறக்காத புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி நூலகங்களே பாடநூல்களை மின்னூலாக வாங்கி வைத்தால் மாணவர்களின் புத்தகச் செலவு குறையும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். குறையும்தான். ஆனால் என்ன உரிமத்தில் வாங்குகிறார்கள் என்று யாராவது கேட்கிறார்களா?

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் பக்கம். என் மகள் தினமும் எல்லை தாண்டிக் கோவையில் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறாள். சென்ற ஆண்டு அங்கே கணக்கியல் பாடநூல் ஒன்றை மின்னூலாக வாங்கினார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் படிக்கலாமாம். வகுப்பிலோ அறுபது பேர். தேர்வு வாரத்தில் அது யாருக்குத் திறக்கும்? போதாக்குறைக்கு, கல்லூரி வளாகத்து இணையத்தில் மட்டும்தான் வேலை செய்யும். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்கு அது இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனாள்.

அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. அட்டை கிழியும்வரை இரவல் கொடுக்கலாம். மின்னூலில் பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. ஆண்டுச் சந்தா என்றால், பணம் கட்டாத ஆண்டில் அலமாரி காலி. என் மூத்த மகனுக்கு கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கு வாங்கினேன். அவன் முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் அதிலேயே படித்தான், அடிக்கோடுகள் சகிதம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கலாம். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவை ஆய்விதழ்கள். பி.காம். இரண்டாம் ஆண்டுக்காரி அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் 'என்-லிஸ்ட்' என்ற மின்னூல் திட்டம் வழியாக, உறுப்புக் கல்லூரி மாணவர்கள் தனிக் கடவுச்சொல்லோடு வீட்டிலிருந்தே பல மின்னூல்களைப் படிக்கலாம். மகளின் கல்லூரியும் அதில் உறுப்பினர்தான் என்பது நான் நேரில் போய் விசாரித்தபிறகே எங்களுக்குத் தெரிந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

அந்தக் கணக்கியல் நூலுக்கு இந்த ஆண்டும் பணம் கட்டப்போகிறார்களாம். வகுப்பு முழுவதும் வீட்டிலிருந்தே படிக்கும்படியான உரிமம் கிடைக்குமா என்று முதலில் கேட்கட்டும். அது கட்டுபடியாகாதென்றால், அதே பணத்துக்கு எத்தனை அச்சுப் பிரதிகள் வருமோ அத்தனையையும் வாங்கி அலமாரியில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
வேலந்தாவளம்.