என் ஆசானைப் பற்றிய ஒரு வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான குமரி மாவட்ட வழிபாட்டுத் தலங்கள் பற்றிய கட்டுரையைத் தக்கலை வரும்வரை மகிழ்ச்சியோடுதான் படித்தேன். சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா அடங்கிய பீரப்பா தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் நேர்ச்சை கொண்டுவருவதைச் சொல்லிவிட்டு, "வேற்றுச் சமயத்தவர் ஒருவரைத் தம் ஞானகுரு என்று யாரேனும் சொன்னால், அது மரியாதைக்குச் சொல்வதாக இருக்கும், இல்லையேல் அவருக்குத் தம் சமயத்தில் பிடிப்பில்லை என்று பொருள்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான் பத்மநாபபுரத்தில் வசிக்கும் சைவன். நீறு பூசாமல், ஒரு பதிகமாவது ஓதாமல் காலை உணவு உண்டதில்லை. உடம்பில் தெம்பு இருந்தவரை சிவராத்திரிதோறும் முஞ்சிறைத் திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களுக்கும் சிவாலய ஓட்டம் ஓடியிருக்கிறேன். என் ஆசானோ ஐவேளைத் தொழுகை தவறாத இஸ்லாமியர். தக்கலைச் சந்தைக்கு அருகே தையற்கடை வைத்திருந்தார். பீர்முகம்மது அப்பா பாடிய ஞானப்புகழ்ச்சி என்னும் பாடல் நூலில் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். ஓட்டக்காரர்கள் அவ்வழியே போகும் நாளில் கடை வாசலில் பானை நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். ஆனால் நீறு கொடுத்தால் வாங்கமாட்டார். உருவ வழிபாடு தமக்கு உடன்பாடில்லை என்பதை என் முகத்துக்கு நேரே சொல்வார். மறுபிறவி பற்றி நாங்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அந்த வேற்றுமையை அவரும் பூசிமெழுகவில்லை, நானும் மறைக்கவில்லை. இதில் பிடிப்பில்லாமை எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

அவர் எனக்கு என்ன கற்பித்தார் என்று கேட்கலாம். பாகப்பிரிவினையில் என் தமையனாரோடு வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மாலை அவர் கடையில் உட்கார்ந்து, அண்ணன் செய்த அநியாயங்களையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. நான் ஓய்ந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மக்களே, காலையில பதிகம் படிச்சியே, அதுல எந்த வரியாவது இப்ப உன் நாக்கைப் பிடிச்சு நிறுத்திச்சா?" என்று கேட்டார். தம் வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்லி அவர் என்னைத் திருத்த முயலவில்லை. என் தேவாரத்துக்கு முன்னால் என்னையே நிறுத்தினார். அன்றிரவே தமையனார் வீட்டுக்குப் போனேன். வழக்கு பிறகு சமாதானத்தில் முடிந்தது. நான் நாள்தோறும் ஓதும் திருமுறையைக் கொண்டே என்னைத் திருத்தியவரை வேறு என்ன சொல்லி அழைப்பது?

இது என் ஒருவனுடைய விசித்திரப் பழக்கமும் அன்று. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் அடங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் மீது நான்மணிமாலை பாடியவர் சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். அவருக்குச் சமயப் பிடிப்பில்லை என்று எழுதத் துணிவோமா? குளித்தலை அருகே 1950இல் சாந்திவனம் கண்ட பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர், திருக்கோவிலூர்த் தபோவனத்து இந்து ஞானி ஞானானந்தரைக் குருவாகக் கொண்ட பின்னும் கத்தோலிக்கக் குருவானவராகவே வாழ்ந்து 1973இல் மறைந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? களியக்காவிளையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறம். அங்கே 1888இல் சிவனைப் பிரதிட்டை செய்த நாராயண குரு, நம் மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தவர். 1924இல் ஆலுவாயில் அவர் கூட்டிய சர்வமத மாநாடு வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்த தங்கள் பார்வைக்கு வந்தும் அந்த வாக்கியம் எப்படித் தப்பியது என்பதுதான் என் வருத்தம்.

இந்த வருத்தம் இன்று தொடங்கியதன்று. என் ஆசான் மறைந்தபோது அடக்கம் முடியும்வரை பள்ளிவாசலுக்கு வெளியே நின்றேன் என்பதற்காக, நான் பல்லாண்டுகள் ஓதிவந்த திருமுறை முற்றோதல் குழுவில் என்னை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். மறுபக்கத்திலும், "ஈமான் இல்லாதவருக்கு உங்கள் வாப்பா ஏன் இத்தனை இடம் கொடுத்தார்?" என்று அவர் மகனிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். இரு தரப்பாருக்கும் இனி அச்சில் ஒரு வாக்கியம் கையிலிருக்கும். தங்கள் இதழும் இதற்கு முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்களை "மத நல்லிணக்கம்" என்ற தலைப்பில் புகைப்படத்தோடு போட்டு முடித்துக்கொண்டது. நல்லிணக்கத்தை வளர்ப்பதற்காக நான் அந்தத் தையற்கடைப் படியேறவில்லை ஐயா. என் மனத்தின் அழுக்கு எனக்குத் தெரிந்தது. அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லித் தட்டிக்கொடுப்பவரும், பிடிப்பில்லாதவன் என்று ஒதுக்குபவரும் எங்களிடையே நடந்தது என்னவென்று கேட்டதேயில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. அந்த வாக்கியம் கட்டுரையாளரின் சொந்தக் கருத்து என்று அடுத்த இணைப்பில் ஒரு வரி வெளியிடுங்கள். இன்னொன்று: தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஆண்டுவிழாவில் இரவு முழுவதும் ஞானப்புகழ்ச்சி பாடப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். ஹிஜ்ரிக் கணக்குப்படி ரஜப் மாதத்தில் வருவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துவிடுகிறது. என்னைப் போன்ற வெளியாட்களுக்கு அது தெரிவதில்லை. முன்பு ஆசான் சொல்லியனுப்புவார். கோயில் கொடியேற்றமும் தேவாலயத் திருவிழாவும் வரும் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில், அந்த இரவையும் முந்தின நாளே தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பத்மநாபபுரம்.