பிள்ளை பேசி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம், கையெழுத்துக்காக மதிப்பெண் பட்டியலும் வீட்டுக்கு வந்திருக்கும். அதைப் பற்றி அப்புறம் பேசலாம். வீட்டில் நீங்களும் பிள்ளையும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பையனிடம் "கணக்குல எதுப்பா கஷ்டமா இருக்கு?" என்று கேட்பேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா "எந்நேரமும் செல்லுதான் சார்" என்பார், அப்பா "வாயத் தொறந்து சொல்லேன்டா" என்று அதட்டுவார், பையன் தலையைக் குனிந்துகொள்வான். அதே பையனை மறுநாள் வராந்தாவில் நிறுத்தித் தனியாகக் கேட்டால், "மைனஸ்ல இருந்து மைனஸ கழிக்கிறதுதான் சார் புரியல" என்று பளிச்சென்று சொல்கிறான். அவ்வளவுதான் விஷயம், அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று இன்றும் சிலர் சொல்கிறீர்கள். எங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்வது புரிகிறது. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது, நாங்களும் அடிக்க மாட்டோம். ஆனால் பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் பிள்ளை, தனக்கு வெளியே என்ன நடந்தாலும் வீட்டில் தன் பக்கம் பேச ஆளில்லை என்று முடிவு கட்டிவிடுகிறதே, அதுதான் என் கவலை. நாளைக்கே பஸ்ஸில் ஒருவன் சீண்டினாலோ, தெரிந்தவர் ஒருவரே தப்பாகத் தொட்டாலோ, அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? 1098 என்ற, பிள்ளைகளுக்கான இலவச உதவி எண் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடமாகத் தெரிய வேண்டும். ஆனாலும் முதலில் உங்களிடம் சொல்லத்தான் பிள்ளை ஆசைப்படும்.

அதனால், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எத்தனை மார்க்?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஏதாவது சாப்பிடட்டும். "இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள், அதிலிருந்தே பல கதைகள் வரும். "ஒண்ணுமில்ல" என்றால் விட்டுவிடுங்கள், தோண்டித் துருவினால் அடுத்த நாளும் அதே ஒண்ணுமில்லதான். பேச ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அது சொல்வது தப்பாகவே இருந்தாலும் கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது, நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஏன் இன்னும் ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிறர் பிள்ளையின் பெயரைப் போட்டுப் புகார் எழுதுவதும் வேண்டாம். அதை அந்தப் பிள்ளையும் படிக்கிறது. வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள், இல்லையென்றால் என் அறைக்கு வாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யார் வந்தாலும் சரி, பிள்ளையையும் கூட்டி வாருங்கள். இந்த முறை பிள்ளைதான் முதலில் பேசும். அது முடிக்கும்வரை நானும் குறுக்கே பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்