விசிலுக்கு ஆள் முகம் தெரியக் கூடாது

புதுச்சேரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. லாஸ்பேட்டையில் நாங்கள் நலம். சின்னவள் பள்ளி கூடைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலமானால் அவளை உப்பளம் மைதானத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலையாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஸ்டார்களுக்கு ஃப்ரீ த்ரோ (எதிராளி ஃபவுல் செய்தால், யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) அதிகம் கிடைப்பதில் என்ன தப்பு, அவர்கள்தானே ரிங்குக்குள் பாய்கிறார்கள், அவர்களைத்தானே அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். 2006 இறுதிச் சுற்றில் டல்லாஸுக்கு எதிராக மியாமியின் ட்வெயின் வேட் ஆறு ஆட்டங்களில் 97 ஃப்ரீ த்ரோ எறிந்தார். அவர் பாய்ந்த பாய்ச்சலுக்கு நிறைய கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தை மட்டும் எடுத்துப் பார். வேட் ஒருவருக்கு 25, டல்லாஸ் அணி மொத்தத்துக்கும் 25. சமநிலையால் வந்த கூடுதல் நேரம், அதாவது ஓவர்டைம், முடிய 1.9 விநாடி இருக்கும்போது டல்லாஸின் நோவிட்ஸ்கி கை வேட் மேல் லேசாகப் பட்டதற்கு விசில். வேட் இரண்டையும் போட்டார், மியாமி 101-100 என்று ஜெயித்தது. அதே அளவு உரசல் டல்லாஸ் பெஞ்சிலிருந்து வந்த ஒரு பையன் மேல் பட்டிருந்தால் விசில் வந்திருக்குமா? என் சண்டையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2002 லேக்கர்ஸ், சாக்ரமெண்டோ ஆறாவது ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு இரண்டு என்று சாக்ரமெண்டோ முன்னால் இருந்தது. கடைசி குவார்ட்டரில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. முதல் மூன்று குவார்ட்டரில் விட்டுக்கொடுத்த மோதலெல்லாம் நாலாவதில் எப்படிக் குற்றமாகும்? காலையில் ஒரு எடைக்கல், சாயங்காலம் ஒரு எடைக்கல் வைத்து மீன் விற்றால் நம் ஊரில் சும்மா விடுவார்களா?

ஆனால் எல்லாமே ஸ்டார் பக்கம் சாய்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் பாஸ்டனில் லேக்கர்ஸ் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 105-105 சமநிலை, கடைசி விநாடிகள். லேக்கர்ஸின் ஸ்டார் லெப்ரான் ரிங்குக்குப் பக்கத்தில் லே-அப் போட ஏறுகிறார், பாஸ்டனின் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார், விசில் இல்லை. லெப்ரான் மண்டியிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெப்ரானின் அணிக்காரர் பெவர்லி போய் புகைப்படக்காரரின் கேமராவையே வாங்கிவந்து, இதோ பார் என்று நடுவரிடம் நீட்டினார். அதற்கு அவருக்கு, நடத்தைக்குக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல்தான் கிடைத்தது. ஓவர்டைமில் பாஸ்டன் ஜெயித்தது. நடுவர் சங்கமே பிறகு தப்பை ஒத்துக்கொண்டது. அந்த நாலு விநாடி வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தாலும் வயிறு எரிகிறது. கடைசி நேரத்தில் ஆட்டத்தை ஆட்டக்காரர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி விசிலை விழுங்கினால், அதுவும் ஒரு தீர்ப்புதான்.

இங்கேயும் அப்படித்தான். போன மாதம் ஒரு பள்ளிப் போட்டி. எதிரணியில் மாநில அணிக்கு ஆடிய ஒரு பெண் இருந்தாள், நல்ல உயரம், அருமையான கை. பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி நடந்தாள், அந்தத் தப்புக்கு நடுவர் ட்ராவல் கொடுக்கவில்லை. அடுத்த நிமிஷம் என் மகள் பந்தைத் தட்டிப் பறித்த அழகான ஸ்டீலுக்கு ஃபவுல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து, “அப்பா, நான் கையைத் தொடவே இல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

என்பிஏ நடுவராக இருந்த டிம் டொனகி கதையை நீ இழுத்திருந்தாய். அது வேறு. தான் நடுவராக நின்ற ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார், 2007இல் மாட்டினார், 15 மாதம் சிறைத் தண்டனை பெற்றார். பணம் வாங்கியவனைப் பிடித்துவிடலாம். பெரிய பெயரைப் பார்த்ததும் தானாகக் கை தயங்குகிற நல்ல நடுவரை எப்படிப் பிடிப்பது? அவருக்கே தெரியாது. ஐந்து ஃபவுல் வாங்கிய ஸ்டார் மேல் ஆறாவதை ஊதினால் அவர் வெளியே போய்விடுவார், அரங்கமே கத்தும். அந்தத் தயக்கத்தில் எதிரணி பையனின் உழைப்பு போய்விடுகிறது.

2015இலிருந்து, நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் எந்த விசில் சரி, எது தப்பு என்று என்பிஏ மறுநாள் வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் முடிவு மாறாது, 48 நிமிட ஆட்டத்தில் மீதி 46 நிமிடத்துக்குக் கணக்கே இல்லை. 2019-20 சீசனில் வந்த கோச் சேலஞ்ச், அதாவது ஊதிய விசிலை மறுபடி பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்பது, எனக்குப் பிடித்திருக்கிறது, தப்பை அங்கேயே திருத்துகிறார்கள். இருந்தாலும் ஊதாத விசிலை அதில் சேலஞ்ச் பண்ண முடியாதே! லெப்ரானுக்கு நடந்தது அதுதான். என்னைக் கேட்டால் முழு ஆட்டத்துக்கும் அறிக்கை வர வேண்டும், ஒவ்வொரு நடுவரும் எந்த உரசலை ஊதினார், எதை விட்டார் என்று ரசிகன் பார்க்க முடிய வேண்டும்.

இதற்கு உன் பதில் என்ன? ரசிகன் ஸ்டாரைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறான் என்று மட்டும் திரும்ப எழுதாதே, அது டிக்கெட் கணக்கு. பொங்கலுக்கு இங்கே வந்துவிடு. காலை ஆறு மணி மேட்ச் இருந்தால் சேர்ந்து பார்ப்போம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்