சிரித்த முகம் போதாது

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பெற்றோருக்கான பக்கத்தில் வந்த ஆலோசனைகளைப் படித்தேன். பெரும்பாலானவை நல்ல ஆலோசனைகள்தான். ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. வேலைக் கவலை, கடன் கவலை எல்லாவற்றையும் வாசலோடு விட்டுவிட்டு, பிள்ளைகள் முன்னால் சிரித்த முகத்தோடு இருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் ஸ்கூல் வான் ஓட்டுகிறவன். வருடக்கணக்காகப் பின்சீட்டுப் பேச்சைக் கேட்டு வருகிற எனக்கு, இந்த ஆலோசனை நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. கொஞ்சம் கெடுதலும் செய்யும் என்றே படுகிறது.

வான் காசு பிந்துகிற வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் நான் காசைப் பற்றி வாய் திறப்பதில்லை. தாய் தகப்பனுக்கு போன் எடுத்துத்தான் பேசுவேன். அவர்களும் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் முன்சீட்டுக்குச் சண்டை பிடிக்கிற பிள்ளை அந்த வாரம் பேசாமல் பின்னால் போய் உட்காரும். மூன்றாம் தரத்தில் படிக்கிற ஒரு சிறுமி இறங்கும்போது மெல்லக் கேட்டாள்: "அங்கிள், நான் நாளைக்கும் வரலாமா?" வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையாம். அம்மா போன் பேசுவதற்கு வெளியே போகிறாவாம், அப்பா சாப்பிட்ட கோப்பைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாராம். அவ்வளவை வைத்துக்கொண்டு அவளே கணக்குப் பார்த்திருக்கிறாள். அதுவும் தப்பான கணக்கு. காசு பிந்தியதற்காக எந்தப் பிள்ளையையும் நான் ரோட்டில் விட்டதில்லை. ஆனால் அதை அவளுக்கு யார் சொல்வது? அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்றல்லவா வீட்டில் நடிக்கிறார்கள்.

என் மகள் கம்பஸில் உளவியல் படிக்கிறாள். இதைச் சொன்னபோது, 2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினாள். 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முதலில் பதற்றம் தரும் வேலையொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பிள்ளையோடு பேசச் சொல்லி, அவர்களில் பாதிப்பேரிடம் மட்டும் 'உங்கள் பதற்றத்தை வெளியே காட்டாதீர்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படி மறைத்தவர்களின் பேச்சில் ஒட்டுதல் குறைந்ததாம். பிள்ளைகளும் அதேபோல விலகியே பேசினார்களாம். தாய்மார் மறைத்தபோது பிள்ளைகளின் உடம்பிலேயே பதற்றத்தின் அறிகுறிகள் தெரிந்ததாம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. காலை ஆறு மணிக்கு வான் கதவைத் திறக்கும்போதே எந்த வீட்டில் முதல்நாள் இரவு சண்டை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

'பிள்ளை நித்திரை' என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை அனெக்ஸில் இருக்கிற குடும்பங்களுக்குச் சண்டை பிடிக்கவும் வேறு இடமில்லை. பிள்ளை கண்ணை மூடிய பிறகுதான் ஆரம்பிக்கிறார்கள். 2013இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 12 மாதக் குழந்தைகள் தூங்கும்போதே அவர்களது மூளையை ஸ்கான் செய்து பார்த்திருக்கிறார்கள். கோபமான குரல் கேட்டபோது, தாய் தகப்பனுக்குள் தகராறு கூடிய வீட்டுக் குழந்தைகளின் மூளை மற்றக் குழந்தைகளை விட அதிகமாக அதற்கு அசைந்து கொடுத்திருக்கிறது. நித்திரையில்!

சரி, இந்தக் கவலைகள் எங்கிருந்து வருகின்றன? 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அடுத்த ஜூன் கடைசியில் 460 ரூபா. கியூவில் கிடந்த எங்களுக்கும் அது நெருக்கடி, வான் காசு கூட்டிக் கொடுத்த பெற்றோருக்கும் அது நெருக்கடி. கியூ போய்விட்டது, அப்போது வாங்கிய கடன் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயிகள் கடனில் விழுந்து நிலத்தை இழந்த நெருக்கடியைத் தொடர்ந்து, ராண்ட் கோங்கர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தக் கிராமத்துக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். காசுத் தட்டுப்பாடு பெரும்பாலும் பெற்றோர் வழியாகத்தான் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது என்று கண்டார்கள். தாய் தகப்பன் மனமுடைவது, ஒருவரோடொருவர் எரிந்து விழுவது, பிறகு அது பிள்ளை மேல் கடுமையாக இறங்குவது. புருசனும் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாக நின்ற வீடுகளில் அதே கஷ்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. அயோவாவை நான் கண்டதில்லை, ஆனால் இந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

அதனால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது வேறு. "அப்பாவுக்கு வேலையில் ஒரு சிக்கல். அதுதான் கத்திவிட்டேன். உன்னில் கோபமில்லை. அம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்." இவ்வளவு போதும். கத்துவது தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. கத்திய பிறகு என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம் என்கிறேன். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், நல்ல தாய்க்கும் குழந்தைக்கும்கூட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறது, மிச்ச நேரம் பிசகுவதும் திரும்பச் சேர்வதும்தான் என்று கண்டிருக்கிறார். இதைப் படித்தால் எத்தனையோ தாய்மாருக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திவைத்து வாடகை, சீட்டுக்காசு, மாமியார் கதை எல்லாவற்றையும் கொட்டுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வானில் பெரிய மனுசர் மாதிரிப் பேசுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அப்புறம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பிள்ளைக்கு விளக்கம் வேண்டும். பொறுப்பை அதன் தலையில் கட்டக்கூடாது.

உங்கள் பக்கத்தில் எப்போதும் தாய்மாருக்குத்தான் வகுப்பு நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, தரம் ஐந்து பிள்ளையின் மாதிரி வினாத்தாளைத் தூக்கி 200க்கு எத்தனை என்று மட்டும் கேட்கிற தகப்பன்மாருக்கும் யாராவது எழுத வேண்டும். மாலை ஆறு மணிக்கு மீற்றிங் வைக்கிற அலுவலகங்களுக்கும், வேலைநாள் காலையில் பெற்றோர் கூட்டம் வைக்கிற பாடசாலைகளுக்கும்தான். நாட்கூலிக்காரருக்கு அந்தக் காலை ஒரு நாள் சம்பளம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை என்ற பெயருக்கே பயந்து உதவி கேட்காமல் இருப்பவர்கள் நம்மவர்களில் அதிகம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகாமலே பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைக்கு அடி உதை என்ற நிலை வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. இந்த இரண்டு இலக்கங்களையும் பெற்றோர் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு வாரமும் போடுங்கள். பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
பாடசாலை வான் உரிமையாளர் ஒருவர்,
கொழும்பு 13